சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறவர்

மகளின் ஆங்கில டீச்சர் இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேலை கொடுத்திருந்தார். 'நெய்பர்' என்றால் யார்? பிள்ளைகள் சொந்தமாக யோசித்து, தமிழிலேயே சொல்லி, வாய்ஸ் அனுப்ப வேண்டும்.

மகள் யோசிக்கவே இல்லை. "சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமுறவங்க."

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே சுவரைப் பங்குபோடும் வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை வேறெப்படிச் சொல்லும்? ஆனால் அந்தக் குழுவில் ஹட்டன் டவுன் அம்மாமார்தான் அதிகம். நாங்கள் லயத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

பதிவான அந்த வாய்ஸை அழித்தேன். போனில் தேடி, "அருகாமையில் வசிக்கும் நபர்" என்று மனப்பாடம் பண்ணவைத்து அனுப்பினேன்.

"அம்மா, இது நான் சொன்னது இல்லயே."

"இதான் சரி. அது அசிங்கமா இருக்கு."

கொஞ்ச நேரத்தில் வரிசையாக வாய்ஸ்கள் வந்தன. எல்லாப் பிள்ளைகளும் அருகாமையில் வசிக்கும் நபர்தான். டீச்சர் பதில் போட்டார்: "எல்லா அம்மாமாரும் பாஸ்."

தலை குனிந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி அக்காவின் குரல் கேட்டது.

"ஏன் தங்கச்சி, புள்ள மொதல்ல சொன்னது நல்லாத்தானே இருந்துச்சி?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இந்தப் பனிக்கு அக்கா இருமாத இரவே கிடையாது. இன்று இவ்வளவு நேரமாகியும் ஒரு சத்தம் இல்லை. அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார் போல.

தாராளமாக இருமுங்கள் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? போனில் தேடிவிட்டேன், இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து சொந்தமாக யோசித்து.