சாட்சிக்குப் பயம் கிடையாது

ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போகும்போது எனக்கு மூச்சு அடைக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குர்லா தாண்டியதும் நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். பாதியில் இறங்கிச் செம்பூர் வீட்டுக்கே திரும்பிவிடுவேன். இதய டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் இருபத்திரண்டு வருட வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

பயந்தவள் ஒரு வைத்தியத்தோடு நிற்பாளா? சனிக்கிழமை மாட்டுங்காவில் வேதாந்த வகுப்பு, புதன்கிழமை செம்பூரில் கவுன்சலிங். நாம் உடம்பு இல்லை, மனசும் இல்லை, இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி என்றார்கள் வகுப்பில். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்தே நான் முதல் பெஞ்சுக்காரி, வீட்டுப்பாடம் விடமாட்டேன். வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட, 'இதோ, இவள் நறுக்குகிறாள்' என்று தள்ளி நின்று பார்க்கப் பழகினேன்.

கவுன்சலிங்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்களை நீங்களே வெளியிலிருந்து பார்ப்பதுபோல் தோன்றுகிறதா என்று அதில் ஒரு கேள்வி. எனக்கு உச்சி குளிர்ந்தது. நடத்திய பாடத்திலிருந்தே கேட்டுவிட்டார்களே! உண்மையில் எப்போதாவதுதான் கைகூடியது. ஆனாலும் 'எப்போதும்' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன்.

கவுன்சலர் என் மகள் வயதுப் பெண், தாராவியில் வளர்ந்தவள், பேச்சு மட்டும் தெற்கத்திப் பேச்சு. அந்த டிக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எப்பலேருந்து ஆன்ட்டி இப்படி?"

"மூணு மாசமா கஷ்டப்பட்டுப் பழகறேன். இப்பதான் கொஞ்சம் வர்றது."

"வேணும்னே பழகுதியளா?"

சாட்சியைப் பற்றி விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. மாட்டுங்காவில் ஞானத்தின் முதல் படியாக இருந்தது இங்கே நோயின் அறிகுறியாம். நான் தேறிக்கொண்டிருக்கிறேனா, முற்றிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"சரி, தள்ளி நின்னு பாக்காங்கள்லா, அவங்களுக்குப் பயம் கிடையாதா?"

"சாட்சிக்குப் பயமே கிடையாது" என்று ஒப்பித்தேன்.

"அப்பம் இங்க வந்திருக்கது யாரு ஆன்ட்டி?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. அவள் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் காலை ரயிலில், குர்லாவுக்கு அடுத்த சுனாபட்டி வருவதற்குள் மூச்சு அடைத்தது. வழக்கம்போலத் தள்ளி நின்று பார்க்கப் போனேன். பார்க்கிறவளுக்கும் கால் நடுங்கியது. பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்து, "க்யா ஹுவா தீதி?" என்றாள், என்ன ஆச்சு அக்கா என்று. யார் கேட்டாலும் 'குச் நஹி', ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு இறங்கிப் போவதுதான் என் வழக்கம்.

"டர் லக் ரஹா ஹை" என்றேன். "முஜே."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அந்த ரயிலில் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் வடாலா ஸ்டேஷன் வந்தது. பயம் போகவில்லை, நானும் இறங்கவில்லை.