கப்பல் நின்ற இடம்

கொட்டியாரக் குடாவின் மணல்திட்டில் பல காலமாகச் சாய்ந்து கிடந்த சரக்குக் கப்பலை வெட்டும் வேலை முனீபுக்குக் கிடைத்தபோது, கிண்ணியாவில் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் பலர். இரும்பு வெட்டத் தெரிந்தவர்களுக்கு ஊரில் குறைவில்லை. மாதக்கணக்கில் வேலை கிடைப்பதுதான் அபூர்வம். தண்ணீருக்கு மேலே தெரிகிற இரும்பை முழுவதும் வெட்டி வள்ளத்தில் ஏற்றிவிட வேண்டும். அடியில் இருப்பதைப் பாரந்தூக்கியோடு வரும் இன்னொரு கூட்டம் எடுக்கும், அதுவரைக்கும் சிவப்பு மிதவை போடப்படும் என்று வேலையைக் கொடுத்த கொந்தராத்துக்காரர் சொல்லியிருந்தார்.

வேலை தொடங்கிய புதிதில் சுகிர்தன் என்ற விமானி ஒரு வள்ளம் பிடித்து வந்தார். அன்புவழிபுரத்துக்காரர். சின்ன விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பிறகு மடித்து வைத்திருந்த வரைபடம் ஒன்றை முனீபின் முன்னால் விரித்தார். குடாவின் நீலத்துக்குள், பாதி மூழ்கிய கப்பலின் சின்ன அடையாளம் ஒன்று இருந்தது.

“இஞ்ச பாருங்கோ, இதுதான் உங்கட கப்பல். தெற்கால வாற பிள்ளைகளுக்கு, இதைக் கண்டவுடனே இறங்கத் திரும்புங்கோ எண்டுதான் நான் சொல்லிக் குடுக்கிறனான். இது இல்லாமல் போற அண்டைக்கு எனக்கு ஒருக்கா சொல்லிவிடுங்கோ. எல்லாருக்கும் அறிவிக்க வேணும்.”

முனீப் வரைபடத்தில் தன் ஊரைத் தேடினான். “எங்கட பள்ளிவாசல் எங்க சேர்?”

“அது இதில இல்லை. பாலம் மட்டும் இருக்கு.”

இதை வீட்டில் போய்ச் சொன்னபோது அதிகம் சிரித்தவன் ஸுஹைர். முனீபின் மனைவி அஸ்மியாவின் தம்பி. பக்கத்து வளவில் மனைவி றிஷானாவோடும் சின்ன மகளோடும் இருந்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து கடல் தொழில். “அப்ப நாங்களும் பிளேனும் ஒரே கப்பலப் பாத்துத்தான் கரைக்கு வாறமா மச்சான்?” என்றான். ஊர் வள்ளங்கள் அந்தக் கப்பலை விலத்தி, திட்டைச் சுற்றித்தான் வந்து போகும்.

கடைசி இரும்புத் துண்டை ஏற்றிய அன்றே முனீப் சுகிர்தனுக்குப் போன் எடுத்துச் சொன்னான். அவர் நன்றி சொன்னார். மாலை, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றபோது ஸுஹைர் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான்.

“கப்பல் முடிஞ்சா மச்சான்?”

“முடிஞ்சிட்டு.”

அவ்வளவுதான் இருவரும் பேசியது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கப்பலின் விலா இரும்புகள் நிமிர்ந்து நிற்பது முனீபுக்குத் தெரியும். மிதவை வரும், பாரந்தூக்கி வரும் என்று நம்பியிருந்தான். இரண்டுமே வரவில்லை. கொந்தராத்துக்காரரின் போன் அடித்தபடியே இருந்தது, அவர் எடுக்கவில்லை. முனீப் கப்பல்துறை என்ற ஊரில் இரும்புக் கேற் ஒட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினான். கடல் அவன் நினைப்பிலிருந்து மெல்ல விலகிவிட்டது.

கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் போனதும், திட்டுக்கு மேலாலேயே குறுக்கே ஓடலாம் என்று வள்ளக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாரி தொடங்கிய ஒரு காலை, மழை கறுத்துக்கொண்டு வர, ஸுஹைரும் அவனுடைய கூட்டாளியும் கரையைப் பார்த்து முழு வேகத்தில் இயந்திரத்தை விட்டார்கள். இரும்பு வள்ளத்தின் அடியைக் கிழித்தது. ஸுஹைர் முன்னால் தூக்கி எறியப்பட்டான். தலை விலா இரும்பில் மோதியது. கூட்டாளி ஒரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்ததால் உயிரோடு கரை சேர்ந்தான்.

ஸுஹைரின் ஜனாஸாவைத் தூக்கிய தோள்களில் முனீபின் தோளும் ஒன்று. யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அடக்கம் முடிந்து வந்த பிறகு அஸ்மியா கேட்டாள்: “அடியில இரும்பு இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு றிஷானாவின் வீட்டுக்குப் போய்விடுவாள். கணவனை இழந்த றிஷானா நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருந்தாள். அது முடியும்வரை முனீப் அவள் முன்னால் போய் நிற்க முடியாது. சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாயில் சொல்லி அனுப்பவும் அவனுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அன்புவழிபுரத்துக்குப் போய்ச் சுகிர்தனின் வாசலில் நின்றான். ஏன் வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவர் கதிரை போட்டு இருத்தினார். விஷயம் தெரியாமல், “நீங்கள் சொன்னது பெரிய உதவி முனீப். உடனே எல்லாருக்கும் அறிவிச்சாச்சு. ஒரு பிள்ளையும் தடுமாறேல்லை” என்றார்.

“வானத்தில போறவங்களுக்குச் சொன்னன் சேர். அடுத்த வளவுல இருந்தவனுக்குச் சொல்லல்ல.”

நடந்ததைக் கேட்டு முடித்தபோது சுகிர்தனின் முகம் கறுத்துப் போயிருந்தது. “நானும் கடல்காரரை நினைக்கேல்லை” என்றார்.

மழை ஓய்ந்ததும் முனீப் தடித்த இரும்புக் குழாய் ஒன்றை வள்ளத்தில் ஏற்றினான். பிழைத்து வந்த கூட்டாளியும் கூட வந்தான். மூச்சடக்கி மூச்சடக்கி மூழ்கி, விலா இரும்போடு அதை இறுக்கிக் கட்டினார்கள். உச்சியில் சிவப்புச் சீலை. முதல் காற்றிலேயே குழாய் சாய்ந்துவிட்டது. இன்னும் தடித்த குழாயைக் கொண்டுபோய் மறுபடியும் நட்டார்கள். அது நின்றது. வள்ளங்கள் பழையபடி திட்டைச் சுற்றிப் போகத் தொடங்கின.

இத்தா முடிந்தபின் றிஷானா அவனைக் கூப்பிட்டாள். கதவருகே அஸ்மியா நின்றாள்.

“ஒங்களோட எனக்குக் கோவம் இல்ல முனீப் நானா,” என்றாள் றிஷானா. “ஆனா இந்த வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒங்கட குரலக் கேட்டுக்கிட்டு இருக்க எனக்கு ஏலா. நான் மூதூருக்கு, உம்மாட்டப் போறன்.”

அவன் தலையாட்டினான்.

அலுமாரியையும் மெத்தையையும் லொறியில் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். குழந்தை முன் இருக்கையில், தாயின் மடியில் தூங்கிவிட்டிருந்தது. லொறி போனதும் அஸ்மியா தம்பியின் வெறும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முனீப் முற்றத்தில் நின்றான், கூப்பிடவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகுதான் அவள் வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அத்தனை மாதத்தில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பதிலுக்குக் காத்திராமல், சோறு போடத் தங்கள் வீட்டுக் குசினிக்குள் போனாள்.