கம்பி கட்டிய திருகு

தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பை ஒன்றை ஓடும் எஞ்சினின் தலைமூடி மேல் படுக்கவைத்துவிட்டு, பான்யின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பை நடுங்கினால் முகம் சுருங்கும். நகர்ந்து விழுந்துவிட்டால் அதன் மூலையைக் கடித்துத் துப்பி, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி ஸ்பானரை எடுப்பார். அசையாமல் கிடந்தால்தான் அந்தப் பை டிரைவருக்கு. கானா நாட்டில், குமாசி நகரத்தின் சுவாமே பட்டறைப் பேட்டையில் ஃபிட்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பான்யின் கையால் தண்ணீர் வாங்கிய டிரைவர் அதைப் போகிற ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவான்.

நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்துக் கேட்பது அவர் வழக்கம். அதனால் அந்தக் காது மடல் எப்போதும் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு சர்ச்சுக்குப் போனாலும் காது மட்டும் வேலை நாளிலேயே இருக்கும். சிலிண்டர்களைப் பற்றி ஆட்களைப் போலத்தான் பேசுவார். "நாலாவது ஆளு வேலையே செய்யல. மத்த மூணு பேரு உழைப்புல உக்காந்து சாப்பிடுறான்."

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவர் ஹலோ சொல்வதில்லை. "காக்ராவா?" என்பார். லாட்டரி விழுந்திருப்பதாக ஏமாற்ற வருகிறவன்கூட, நான் காக்ரா இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தொழிலைத் தொடங்க முடியும்.

அசாந்தி இனத்தார் வீடுகளில் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. முதலில் வந்தவர் பான்யின், பின்னால் வந்தவன் காக்ரா. அண்ணன் ஃபிட்டர், தம்பி டிரைவர். ஆறு வருடங்களுக்கு முன் காக்ரா தன் லாரியை விற்றுவிட்டு, அகாடெஸ் வழியாகப் பாலைவனம் கடந்து லிபியாவுக்குப் போனான். அங்கே சபா என்ற ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. அதோடு சரி. இன்றும் பிறந்தநாளில் பான்யின் சேனைக்கிழங்கை மசித்து, செம்பனை எண்ணெய் ஊற்றி, முட்டை வைத்து இரண்டு தட்டு எடுத்து வருவார். ஒன்றைத் தான் சாப்பிடுவார். மற்றொன்றைச் சாயங்காலம் வரை மூடிவைத்துவிட்டு, பக்கத்துப் பட்டறையில் டீசல் தெளிக்கும் நாசில்களைச் சரிபார்க்கும் அம்போஃபோவிடம் நீட்டுவார். ஆறிப்போச்சு என்று திட்டிக்கொண்டே அவர் தின்பார்.

இந்த வாரம் அந்த லாரியே வந்து நிற்கிறது. உடம்பு ஒரு நாட்டுடையது, எஞ்சின் வேறு நாட்டுடையது, டர்போ காயலான் கடையுடையது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டியது. இப்போது வெங்காய வியாபாரம் செய்யும் ஹாஜியா ரக்கியாவின் வண்டி. சும்மா நின்று ஓடும்போதே எஞ்சின் வேகம் ஏறுகிறது, இறங்குகிறது, வண்டி குலுங்குகிறது. தண்ணீர்ப் பை ஒரு நிமிடம்கூடத் தங்குவதில்லை.

பான்யின் மூன்று நாளாக ஃபில்டர் மாற்றினார், டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தார், நாசில்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுத்தார், டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. கோளாறு எங்கே என்று சந்துக்கே தெரியும். டீசல் பம்பின் முதுகில், எஞ்சினுக்குப் போகும் அளவைக் கூட்டும் திருகு ஒன்று இருக்கிறது. கிழங்கு மூட்டைகளோடு மாம்போங் மலை ஏற்றத்தில் திணறாமல் ஏற, காக்ரா அதை ஒன்றரைச் சுற்று உள்ளே திருகி, கம்பி கட்டி முறுக்கிவைத்தான். அன்று பம்ப் தாங்கியது. இன்று தேய்ந்துபோய், வந்து கொட்டும் டீசலை அடக்க முடியாமல் தள்ளாடுகிறது.

காக்ரா இடக்கைக்காரன். ஊரே வலப்பக்கம் முறுக்கினால் அவன் முறுக்கு இடப்பக்கம். "திரும்பி வந்து நானேதான் அவுப்பேன். நடுவுல எவனாவது கை வச்சா முறுக்கைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"மூணு நாளாச்சுப்பா ஃபிட்டர்" என்றார் ஹாஜியா, பழைய டயர் மேல் உட்கார்ந்து கோலாக்கொட்டையை மென்றபடி. "என் வெங்காயம் முளை விட்டுடும்."

"இன்னொரு வாட்டி காத்து எடுத்துப் பாக்குறேன் ஹாஜியா."

"இதுவரைக்கும் எடுத்த காத்துல நாலு டயரு நிரப்பியிருக்கலாம்யா" என்றார் அம்போஃபோ.

ஹாஜியா சிரிக்கவில்லை. "இந்த வண்டியை உன் தம்பிகிட்டேருந்து வாங்குனவ நான்தான். அவனுக்காகத் தொழுகையில நானும்தான் கேக்குறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. திங்கக்கிழமை மாம்போங் இறக்கத்துல மிதியிலேருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்னுபோச்சாம். பிரேக் மிதிபடாம கல்லாயிடுச்சாம். என் டிரைவர் உங்கிட்ட மறைச்சிட்டான், எங்கிட்ட அழுதான். அவன் வீட்டுலயும் ஒரு அண்ணன் இருக்கான்பா."

பான்யின் பம்பின் பக்கம் குனிந்தார். தேறாத எஞ்சினை அவர் இதுவரை வெளியே அனுப்பியதில்லை. இதையும் அனுப்ப முடியாது. ஆனால் அந்தக் கம்பி இருக்கும்வரை, அவிழ்க்க ஒருவன் வரவேண்டியிருந்தது. பான்யினுக்குத் தம்பி வேண்டும். மூன்று நாளை அவர் கடத்தியது அதற்காகத்தான்.

அம்போஃபோ வெட்டுக்குறடை நீட்டினார். "ஒரு வெட்டு. முடிஞ்சுது."

"வெட்ட வேணாம்யா."

துருப்பிடித்த கம்பி உடையாமல் புரிபுரியாகப் பிரித்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று வெளியே எடுத்துக்கொண்டே வந்தார். ஒன்றே கால் சுற்றில் தள்ளாட்டம் நின்றது. சத்தம் தாழ்ந்து சீரானது. தண்ணீர்ப் பையை வைத்தார். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஹாஜியா எழுந்து வந்து பைக்காகக் கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியா."

பூட்டு நட்டை இறுக்கினார். அதே கம்பியை அதே துளையில் நுழைத்தார். வலக்கையில் இருந்த குறடை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, பழக்கமில்லாத விரல்கள் தடுமாற, கம்பியை இடப்பக்கமாக முறுக்கத் தொடங்கினார்.