பிஸ்கட் டின்னில் ஒரு விலாசம்

எங்கள் வீட்டு வாசல் நிலையில் ஒரு பிஸ்கட் டின் தொங்குகிறது. மூடியில் உளியால் வெட்டிய ஒரு கோணல் வாய். அடித்த ஆணி நாலில் மூன்று வளைந்து கிடக்கும். இது என் கைவேலை என்று டிக்கோயாவில் யாரும் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். தபால் பெட்டி என்று நினைத்துத்தான் செய்தேன். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். என் வாயில் வருகிறதை எல்லாம் கழுவித் துடைத்து, மரியாதையாக்கி எழுதுகிறாள். அப்படிப்பட்டவன் தபால் பெட்டி செய்தால் வீட்டுக்காரி சிரிக்காமல் இருப்பாளா?

"யாருங்க உங்களுக்குக் கடுதாசி போடப்போறா? தொரையா?" என்றாள்.

"போடுவாங்க புள்ள. நமக்குத்தான் இப்ப விலாசம் இருக்கே."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கை மணிக்கட்டு வரை போனது. "பெரிய கடுதாசியே புடிக்கும்" என்றாள். அன்றைக்கு அந்தத் தெருவில் என்னைப் போலப் பெரிய மனுஷன் யாருமில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராவில் இருந்தவரை எங்களுக்கு விலாசம் என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டத்தின் பேர்தான் அத்தனை பேருக்கும் விலாசம். கடுதாசி தோட்டத்து ஆபீசுக்கு வரும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டு நீட்டுவார். எங்கள் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். கடுதாசி நம்மைத் தேடி வரும், நாம் அதற்கு வழி சொல்லவேண்டியதில்லை என்றே வளர்ந்துவிட்டோம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த சூட்டோடு, இந்திய வம்சம் என்று சொல்லி, எங்கள் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தது. வேண்டுமென்றால் மனுப் போடுங்கள், விசாரித்துப் பார்க்கிறோம் என்றார்கள். நாங்களும் தோட்டத்தில் இருக்கும்போதே போட்டோம். என் பெருவிரல் ரேகை அழகாக விழுந்திருக்கிறது என்று மனு எழுதிக் கொடுத்தவர் பாராட்டினார். எழுத்து விஷயத்தில் என் ஆயுளில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

பிறகு எனக்கு அட்டனில் ஒரு மரக்கறி முதலாளியின் லொறியில் கிளீனர் வேலை கிடைத்தது. வீட்டுக்காரி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் பெண் பிள்ளைகளுக்குக் கூடைதான். "எம் புள்ள தலையில கூடைக் கயிறு ஏறக்கூடாது" என்று வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள். அதட்டிச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அவள் அப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

எந்த ஊருக்குப் போவது? லொறியில் ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். அதனால் பெரிய நிபுணன் மாதிரி யோசனை சொன்னேன். கந்தப்பளைக்குப் போகலாம் என்றேன். அங்கே ஒரு கடையில் உளுந்து வடை கல்யாண வீட்டு வடை மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் உடப்புசல்லாவைக்குப் போகலாம் என்றேன். அங்கே எனக்கு இரண்டு கூட்டாளிகள். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "வடையும் கூட்டாளியும் புள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்குமா?" என்றாள். பிறகு வேலைக்குப் போகாமல் நின்று, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தனியாக பஸ் ஏறி ஒவ்வோர் ஊராகப் பார்க்கப் போனாள்.

டிக்கோயாவில் அவள் பார்த்தது கடையுமில்லை, வீடுமில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ரோட்டோரத்தில் நின்று, வெளியே வருகிற பெண் பிள்ளைகளின் காலைப் பார்த்திருக்கிறாள். காலில் சேறு எவ்வளவு, அட்டைக் கடி எத்தனை, எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள் என்று காலைப் பார்த்தே கணக்குப் போட்டாளாம். திரும்பி வந்து சொன்னாள்: "பத்து வயசுக்கு மேல உள்ள பொம்பளப் புள்ளைங்க மட்டும் பதினேழு பேரு, பொஸ்தகப் பையோட போகுதுங்க. ஆஸ்பத்திரியும் கிட்ட. அங்கதான்." எங்கள் ஊர் இப்படித்தான் தீர்மானமானது.

வேலைப் பதிவில் புருஷன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரையும் வெட்டுவது தோட்டத்து வழக்கம். பேர் இல்லாதவர்களுக்கு லயத்துக் காம்பராவும் இல்லை. நான் ஆபீசில் போய் நின்றபோது கணக்கப்பிள்ளை கேட்டார்: "யோசிச்சுத்தான் செய்றியாடா? வெட்டின பேரை மறுபடி எழுத மாட்டாங்க."

"வெட்டுங்க ஐயா. முடி வெட்டினாலும் நான் திரும்ப ஒட்டச் சொல்றதில்ல" என்றேன். ஆபீஸே சிரித்தது. அந்தச் சிரிப்பின் போதையில் புது விலாசத்தைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபீசுக்கும் சொல்லவில்லை, மனுப் போட்ட இடத்துக்கும் சொல்லவில்லை. டிக்கோயாவில் புது வீட்டுக்கு வந்தேன், டின்னை எடுத்தேன், பெட்டி செய்து மாட்டினேன். பெட்டி மாட்டினால் கடுதாசி வரும். அவ்வளவுதான் என் படிப்பு.

ஏழெட்டு மாதம் கழித்து, லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்த பெண் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து ஒரு நீளக் கடுதாசியை எடுத்தாள். "வந்த அன்னிக்கே பெரட்டுல ஒங்க பேரக் கூப்பிட்டாங்க அண்ணே. பேரு வெட்டின ஆளுன்னு உள்ள வச்சிட்டாங்க. இப்ப அலமாரிய ஒழிக்கயில கெடச்சிச்சி" என்றாள்.

வீட்டுக்காரி அதை வாங்கி, செருப்பைக்கூட மாட்டாமல், மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். யாழ்ப்பாணத்து வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"உங்கட பிரஜா உரிமை மனுவை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கினம். ஆனா அந்த நாள் போய் மூண்டு மாசமாச்சுது. வராதபடியால் மனுவைத் தள்ளியிருப்பினம். விலாசம் மாறினதை நீங்கள் எழுதி அறிவிக்கேல்லையோ?"

"பெட்டி மாட்டினேனுங்க, சார்" என்றேன்.

என் ஆயுளில் நான் சொன்னதற்கு யாரும் சிரிக்காத இடம் அது ஒன்றுதான். நான் அதைப் பகிடியாகவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மனுவை விசாரிக்கிற கண்டி ஆபீசுக்குப் போனோம். வாத்தியார் எழுதிக் கொடுத்த கடுதாசியோடு ஒரு தரம், இல்லாமல் இரண்டு தரம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரியை உட்காரச் சொன்னார். மனுக் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பரக்குய்" என்றார். காலம் கடந்துவிட்டது என்று சிங்களத்தில் சொல்லும் அந்த ஒரு சொல்லோடு கட்டை மறுபடி கட்டிவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவள் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும், வீட்டுக்குள் போகுமுன் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. பக்கத்துக் கடையில் மிளகாய் இடிக்கப் போய்விட்டு வந்தாலும் சரி, தண்ணீர் எடுத்து வந்தாலும் சரி, ஒரு தரம் கையை விடுவாள். மகள் பெரிய சோதனை பாஸ் பண்ணினாள். தலையில் கூடைக் கயிறு ஏறவில்லை. டீச்சர் படிப்புக்கு விண்ணப்பப் பாரம் எழுதினபோது பிரஜா உரிமைப் பத்திரம் கேட்டார்கள். எந்த ஊருக்கு மாறினாலும் அந்தக் கேள்வி கூடவே வந்திருக்கும் என்று வாத்தியார் ஆறுதல் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. வீட்டுக்காரி பாரத்தை மடித்து மகளிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். டின்னுக்குள் அவள் விரல் சுரண்டுகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

இந்த இடத்தில் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம்.

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் டீச்சர் ஆகவில்லை. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மனு, முறைப்பாடு, பாரம் என்று எல்லாவற்றையும் இவள்தான் எழுதிக் கொடுக்கிறாள். எழுதி முடித்ததும் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பாள்: "பதில் எந்த விலாசத்துக்கு வரணும்?" பாதிப் பேர் விழிப்பார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டு விலாசத்தையே போட்டுவிடுவாள்.

அதனால் இப்போது அந்த டின்னுக்கு ஓய்வே கிடையாது. தபால்காரர் மூடியை அழுத்தி அழுத்தித் திணிக்கிறார். காலையில் நான்தான் போய் எடுக்கிறேன். கை மணிக்கட்டு வரை போகிறது, பெரிய கடுதாசியே பிடிக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, ஒவ்வொன்றாக மகளிடம் நீட்டுகிறேன். அவள் பேரைப் பார்த்து, இது அவர்களுக்கு, இது இவர்களுக்கு என்று பிரித்து அடுக்குகிறாள். கடைசிக் கடுதாசி வரைக்கும் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.