நாய்க்கு நான் காதாக இருந்த காலம்

கல்யாணமாகி நான் குடித்தனம் போன இடம் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு. என் வீட்டுக்காரருக்கு அங்கே காவல் வேலை. தோப்புக்காரர் ராஜபாளையத்தில் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ். நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவும் அண்ணனும் மரம் அறுக்கிறவர்கள். ஒருவர் கட்டையின் மேலும் ஒருவர் குழிக்குள்ளுமாக நின்று ரம்பத்தை இழுப்பார்கள். அந்தச் சத்தம் நின்றால்தான் நான் தொட்டிலில் அழுவேனாம், அம்மா சொல்வாள்.

தோப்புக்கு வந்த புதிதில் எனக்குத் தூக்கமே கிடையாது. இருட்டியதும் காடு வாயைத் திறந்துவிடும். ஒன்று இருமும், ஒன்று விசிலடிக்கும், ஒன்று கட்டையைத் தட்டும். எல்லாமே பேய்தான் என்று முடிவு கட்டி, ஜெபம் சொல்லிக்கொண்டு போர்வைக்குள் கிடப்பேன். என் வீட்டுக்காரரோ படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவார். காவல்காரர் என்று பேர்தான்.

அதனாலோ என்னவோ தோப்புக்காரர் ஒரு நாயைக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்து வெள்ளை ஜாதி, ரோஸ் மூக்கு, நெட்டைக் கால். நடந்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றான். வந்து கொஞ்ச நாளில், அதன் முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடத்தைக் கை தவறிப் போட்டுவிட்டேன். மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"ஏட்டி, இது செவிடுட்டி!" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த வெள்ளை ஜாதியில் சிலது அப்படிப் பிறப்பதுண்டு. தோப்புக்காரர் வீட்டில் செவிடு என்று தெரிந்தால் குட்டியிலேயே தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிடுவார்கள். இது கூடப்பிறந்ததுகள் ஓடினால் தானும் ஓடி, திரும்பினால் தானும் திரும்பி எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. மாம்பழம் ஏற்ற வந்த வண்டிக்காரரிடம் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். காய்ப்பு முடிந்ததும் வேறு குட்டியோடு தானே வருவதாகவும், இதைக் கொண்டுபோய்விடுவதாகவும் தோப்புக்காரரிடமிருந்து பதில் வந்தது. கொண்டுபோய் என்ன செய்வார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"காவலுக்குத்தான நாயி? காது கேக்காததை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றார் இவர்.

"நான் கேக்கேன். அது ஓடட்டும்."

"பேயி பேயின்னு நடுங்குதவ நீ. நீ கேக்கப் போறியாக்கும்?"

"பொறவு பாருங்க."

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு செய்துதானே காட்ட வேண்டும்? நாயின் கழுத்துக் கயிற்றின் மறுநுனியைக் கதவிடுக்கு வழியாக என் கட்டில் காலில் கட்டினேன். இழுத்தால் எழுந்துவிடும். அவிழ்த்துவிட்டு, அரிக்கேன் விளக்கைச் சத்தம் வந்த பக்கம் தூக்கிக் காட்டினால் அந்தத் திசையில் பாய்ந்துவிடும். முதல் சில ராத்திரிகள் கண்ட சத்தத்துக்கெல்லாம் எழுப்பி, அதுவும் நானும் மறுநாள் ஆடிக்கொண்டே நடந்தோம். எதற்கு எழுப்புவது, எதற்கு விட்டுவிடுவது என்று தெரிந்தாக வேண்டும்.

ராத்திரி எந்தப் பக்கம் கேட்டதோ, விடிந்ததும் அந்தப் பக்கம் போய்த் தரையைப் பார்ப்பேன். காய்ந்த ஓலையை உலுக்கினாற்போலச் சலசலத்த இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாக முள் கிடந்தது, முள்ளம்பன்றி. விசிலடித்தது தேவாங்கு, அந்தக் குச்சிக் கைக்காரனுக்கா பயந்தேன் என்று வெட்கமாகிவிட்டது. கட்டையைத் தட்டியது பக்கி என்கிற பறவை. காட்டுக்குள் நாய் குரைக்கிறது, வேட்டைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஓர் அந்தியில் ஓடையோரம் நின்று அது குரைப்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். கேளையாடு! மான் உடம்பில் நாய்க்குரல். தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பஸ்காரன் ஹாரனை ஒரே தடவை அமுக்கிவிட்டது போல வந்தால் அது மிளா என்கிற பெரிய மான், மாங்கன்றுகளின் தளிரைத் தின்ன வருகிறது. உர் உர்ரென்று, நடுவில் சப்புக்கொட்டினால் பன்றி. இந்த இரண்டுக்கு மட்டும் நாயை எழுப்பினேன். பன்றிகள் பயந்து வேறு தோப்பு பார்த்துப் போயின. இவர் வாயைத் திறந்து பாராட்டவில்லை. காய்ப்பு முடிய முடிய, நாயைக் கொண்டுபோய்விடுவாரே என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் நான் கேட்டதில்லை, சிறுத்தை. நாயென்றால் அதற்கு உயிர். அது வந்தால் நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த வேண்டும். எப்படிச் சத்தம் போடும் என்று இவரிடம் கேட்டேன்.

"உறுமும். வேற என்ன செய்யும், பாடவா செய்யும்?" என்றார். அவரும் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஓடைப் பக்கம் ஒரு பெரிய புளியமரம் சாய்ந்து கிடந்தது. ஈஸ்டர் கழிந்து வந்து அறுத்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். நான் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. இவர் மாம்பழ வண்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், விடிகிறதற்கு முன்னால் விழிப்புத் தட்டியது. ஓடைப் பக்கம் மரம் அறுக்கிற சத்தம். கர்... கர்... கர்... எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வந்துவிட்டார்! வெயிலுக்கு முன்னால் வேலையைத் தொட்டுவிட்டுத்தான் மகளையே கூப்பிடுவார், அவர் குணம் அப்படி. கருப்பட்டிக் காப்பி போட்டுச் செம்பில் ஊற்றிக்கொண்டு, விளக்கோடு வெளியே வந்தேன்.

நாய் குறுக்கே நின்றது. முதுகு மயிர் முழுக்கச் சிலிர்த்திருந்தது. குரைக்கவில்லை. நான் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். உடம்பை என் முழங்காலில் வைத்துப் பின்னால் தள்ளியது. "எங்க அப்பா வந்திருக்காக, தள்ளு சனியனே!" என்று செவிட்டு நாயிடம் கத்தினேன். செம்பு சாய்ந்து காப்பியெல்லாம் காலில் கொட்டியது.

அப்போது சத்தம் மறுபடியும் வந்தது. புளியமரத்துப் பக்கமிருந்து இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம், எங்கள் கிணற்றுக்குக் கிட்டே. ரம்பம் எங்காவது நடந்து வருமா? அதற்குப் பிறகுதான் காதே திறந்தது. ரம்பம் கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும், மேலே போகையில் சத்தம் மெலிந்துவிடும். இது போகும்போதும் வரும்போதும் ஒரே கனமாக அறுத்தது. சிறுத்தையின் மூச்சு! அறுப்புக்காரன் மகளாகப் பிறந்து இதில் போய் ஏமாந்தேனே என்று அன்று நினைக்கக்கூட நேரமில்லை. நாயைக் கழுத்தோடு பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, உரலை உருட்டி முட்டுக் கொடுத்தேன். நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் குடிசையைச் சுற்றி வந்து, மெல்ல மலைப் பக்கம் போனது. செவிட்டு நாய் மூக்கால் கேட்டதை, அதற்குக் காதாக இருக்க வந்த நான் கேட்கவில்லை.

வெயில் ஏறி இவர் வந்து சேர்ந்தார். ஓடை மணலில் இருந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். தடத்தோடேயே நடந்து வந்தார். வாசலில் காப்பி கொட்டிய ஈரம் காய்ந்து எறும்பு மொய்த்துக் கிடந்த இடம் வரைக்கும் வந்தார். அங்கிருந்து கொஞ்சம் தள்ளித்தான் கடைசித் தடம். நாயை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

காய்ப்பு முடிந்து, சொன்னபடி தோப்புக்காரர் வில்வண்டியில் வந்தார். வண்டிக்குள் ஒரு கூடை, அதற்குள் புதுக்குட்டி. எங்கள் நாய் மாமர நிழலில் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அவர் பின்னால் போய் நின்று பலமாகக் கை தட்டினார். அது அசையவில்லை. தடியால் தரையில் கிடந்த தகரத்தை ஓங்கித் தட்டினார். நாய் வாலில் உட்கார்ந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, பிடிச்சு வண்டியில ஏத்து," என்றார் தோப்புக்காரர்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"அதுக்குக் காது நல்லாக் கேக்கும், மொதலாளி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

தோப்புக்காரர் தகரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடையின் மூடியைச் சாத்தி, வண்டியைத் திருப்பச் சொன்னார்.