இல்லாத படிக்கட்டு

நாலைந்து வருடங்களுக்கு முன்பு திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தேன். கேட்டில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு உண்டு. தினமும் காலையில் அதில் எண்ணை மாற்றி எழுதுவது என் வேலை. முந்நூறைத் தாண்டியிருந்தது. ஒரு வருடம் முழுசாக ஓடினால் ஆளுக்கு ஒரு குக்கர் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆளின் வலது கை கன்டெய்னர் கதவில் மாட்டிக்கொண்டது. முகத்துவாரக்குப்பத்துக்காரன். வலையை விட்டுவிட்டு யார்டுக்கு வந்தவன். ஆட்டோவில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே நான் சொல்லிக்கொடுத்தேன்: "வூட்ல படிக்கட்டுல வழுக்கி வுழுந்தேன்னு சொல்லிடு. எப்டி சொன்னாலும் ஈ.எஸ்.ஐ.ல வைத்தியம் பாத்துடுவாங்க."

"சரிண்ணே. என்னால உனுக்கு பேஜாரு வேணாம்" என்றான். அந்த வலியிலும் அப்படித்தான் சொன்னான், பாவி.

வைத்தியம் பார்த்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஈ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். வருடம் முடிந்து எல்லோருக்கும் குக்கர் வந்தது. அவனுக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது.

சில மாதம் கழித்து அவன் மனைவி கேட்டில் வந்து நின்றாள். அவனால் யார்டில் கன்டெய்னர் கதவுக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, திரும்பப் போய் வலையும் இழுக்க முடியவில்லை. ஈ.எஸ்.ஐ. ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். வேலையில் அடிபட்டு விரல் போயிருந்தால் ஆயுசுக்கும் மாதாமாதம் பணம் வருமாம். இவனுக்கோ வீட்டில் விழுந்ததாகப் பதிவு.

அவள் சண்டை போடவில்லை. "எங்க வூட்ல படியே இல்லண்ணே" என்றாள். அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மேனேஜரிடம் போனேன். "முடிஞ்சு போனத எதுக்குய்யா கிளறுற?" என்றார். பொய் சொல்லச் சொன்னது நான்தான் என்று என் கைப்படவே எழுதி ஈ.எஸ்.ஐ. ஆபீசில் கொடுத்தேன். அப்புறம் விசாரணை, கையெழுத்து, மறுபடியும் கையெழுத்து. டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் மாறி மாறியே அலுத்துப்போனது. கம்பெனி எனக்கு ஒரு மெமோ கொடுத்தது. போர்டை அழித்துப் பூஜ்யம் போடச் சொன்னார்கள். போட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் அவனுக்குப் பணம் வர ஆரம்பித்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் தவறாமல் வருகிறது.

இப்போது வேறு யார்டில் இருக்கிறேன். யாருக்கு அடிபட்டாலும் எங்கே, எப்படி என்று அன்றைக்கே உள்ளபடி எழுதிவிடுகிறேன். அவன் என்னை மன்னித்துவிட்டான், பார்த்தால் சிரிக்கிறான். நான்தான் அந்த இல்லாத படிக்கட்டில் இன்னும் வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன்.