ஓட்டுக் கேட்கப் போன குரல்

நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்த அரிசி மில்லுக்கு அந்த மனிதர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேநீருக்குச் சற்று முன்பு. நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. அவர் கோல சிலாங்கூரில் தைலத்துக்கும் பல்பொடிக்கும் ஏஜண்டு. வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்றுப் பேர் எடுத்தவர். நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நின்றிருந்தார். அவருக்குக் கிடைத்த சின்னம் குடை.

“தம்பி, ஒங் கொரலு எனக்கு வேணும்,” என்றார். உட்காரக்கூட இல்லை.

“எதுக்குங்க ஐயா?”

“ஓட்டுக் கேக்கத்தான். வேன் இருக்கு, மைக் இருக்கு, பாட்டுத் தட்டு இருக்கு. ஆனா நான் வாயத் தொறந்தா பல்பொடிக்காரன் வந்துட்டான்னு சிரிக்கிறானுங்க. ஒங் கொரலு அப்படியா? இங்கேருந்து கலும்பாங் வரைக்கும் ஒங் கொரலு தெரியாத லயம் ஒண்ணு சொல்லு, பாப்போம்.”

அவர் சொன்னது உண்மை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் போரிட்ட அவசரகாலத்தின் தொடக்க ஆண்டுகளில் நான்கு வருடம் நான் அரசாங்க ஒலிபெருக்கி வண்டியில் தமிழ் அறிவிப்பாளராக இருந்தேன். ஊரடங்கு எப்போது தொடங்கும், எப்போது முடியும், தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோனால் என்ன தண்டனை, காட்டுக்குள் இருப்பவர்கள் சரணடைந்தால் என்ன சலுகை, எல்லாவற்றையும் தோட்டத்து மக்கள் என் வாயிலிருந்துதான் கேட்டார்கள். “கவனியுங்கள், கவனியுங்கள்” என்று இரண்டு முறை சொல்லித்தான் தொடங்குவேன்.

அவர் ஒரு பட்டியலை என் மேசையில் விரித்தார். பன்னிரண்டு தோட்டங்கள். ஒன்பதாவது பெயரைப் பார்த்ததும் சம்மதித்துவிட்டேன். அந்தத் தோட்டத்தில் என் அக்கா இருந்தாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அந்தத் தோட்டத்தைச் சோதனைக்காகச் சுற்றி வளைத்தார்கள். எல்லாரையும் அடையாளக் கார்டுடன் பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் திடலுக்கு, வரச் சொல்வது என் வேலை. கையில் கொடுத்த தாளில் இல்லாத ஒரு வாக்கியத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன்: “பயப்பட ஒன்றுமில்லை, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.” அக்கா குடும்பம் அங்கே இருந்ததால் அப்படிச் சொன்னேன். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு காரின் உள்ளே தலையில் சாக்கு மூடிய ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். ஒவ்வொருவராக அவன் முன்னால் போனார்கள். காட்டுக்காரர்களுக்கு உதவியவர்கள் என்று மூன்று பேருக்கு அவன் தலையாட்டினான். மூன்றாவது ஆள் அக்காவின் புருஷன், என் மாமா.

மாமா முதலில் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். “மச்சான்தானே பேசறான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததாகப் பிறகு பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். மாமாவைப் பத்து மாதம் காவலில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அன்று முதல் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்குப் போனால் கதவைச் சாத்த மாட்டாள். பாயை விரித்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பிள்ளைகள்தான் பேசும்.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் நான் அதே வண்டியில் அதே வேலையைச் செய்தேன்.

அதே களத்தில், அதே குரலில், நல்லதாக ஏதாவது சொன்னால் அக்கா ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று நினைத்தேன். தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

புறப்படுவதற்கு முன் பேச்சை எழுதிக் கொடுத்தார்கள். வேட்பாளரின் நண்பர் ஒருவர் எழுதியது. “தோழர்களே” என்று தொடங்கியது. அந்த வார்த்தையை அடித்தேன்.

“நல்ல வார்த்தைதானே தம்பி?” என்றார் வேட்பாளர்.

“நல்ல வார்த்தைதான் ஐயா. காட்டுலேருந்து வர்ற காகிதத்துலயும் அதுதான் மொதல் வார்த்தை.”

“அய்யய்யோ, அடி, அடி,” என்றார். பிறகு தன் முறையை விளக்கினார். “பல்பொடி வித்த வழிதான். மொதல்ல பாட்டு. ஆள் சேந்ததும் குடைப் படத்த காட்டு. அப்புறம் ஒரே பேச்ச பத்துத் தடவ சொல்லு. பதினோராவது தடவ அவனே சொல்லுவான்.”

முதல் தோட்டம் புக்கிட் ரோத்தான் பக்கம். மாலை நான்கு இருபது. சினிமாப் பாட்டு ஒலித்ததும் வாசல்களில் பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடிக்கூடக் காட்டினார். பாட்டு முடிந்தது. நான் மைக்கை வாங்கினேன். பழக்கம் முந்திக்கொண்டது.

“கவனியுங்கள், கவனியுங்கள். பெரியோர்களே, தாய்மார்களே...”

வாசல்கள் காலியாகின. எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். வேட்பாளரின் முகம் வாடியது. இரண்டு நிமிடம் இருக்கும், மறுபடி வந்தார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் வரிசையாகக் குந்தினார்கள். ஒவ்வொருவர் கையிலும் அடையாளக் கார்டு இருந்தது. அவசரமாக அடுப்பை அணைத்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் முழங்கை வரைக்கும் சாம்பல்.

நான் குடையைப் பற்றிப் பேசினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வேனின் சன்னலில் இருந்தது. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார்கள். வேட்பாளர் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்து பூரித்துப் போனார். “பாத்தியா தம்பி, என்ன ஒழுங்கு! எந்தக் கட்சிக்காவது இப்படி ஒரு கூட்டம் நிக்குமா?”

வேன் ஓட்டியவர் எங்கள் ஊர்க்காரர், வாய்த் துடுக்கு உள்ளவர். கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஒழுங்குதான் லா. அண்ணன் கொரல கேட்டா எம் பொண்டாட்டியே ஐ.சி. கார்ட எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பா.”

வேட்பாளர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மைக் வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாட்குறிப்பில் தோட்டம், நேரம், எத்தனை நிமிடம் பேசினேன் என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன். நான்காவதாக “கையில் கார்டு” என்று ஒன்றைச் சேர்த்தேன். இரண்டாவது தோட்டத்தில் “கவனியுங்கள்” என்பதை விட்டுவிட்டேன். மூன்றாவதில் குரலை உயர்த்திப் பார்த்தேன். நான்காவதில் மருந்து விற்பவன் போல வேகமாகப் பேசினேன். அடுத்த இரண்டிலும் சிரித்துக்கொண்டே பேசினேன், தாடை வலிக்கும் அளவுக்கு. ஆறு தோட்டங்கள். ஆறிலும் கார்டு. நாங்கள் நீட்டிய மஞ்சள் நோட்டீசைக்கூட, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் முதலில் கை நீட்டி வாங்கும் வரை யாரும் தொடவில்லை.

ஈஜோக்கில் ஒரு காப்பிக் கடையில் வைத்து வேட்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“வெக்கமா இருந்திச்சுங்க.”

அவர் காப்பியை முழுக்கக் குடித்து முடித்தார். என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அனுப்பினால் ஒன்பதாவது தோட்டம் போய்விடுமே என்று வாசலில் நின்ற வேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி,” என்றார். “அந்தக் கவனியுங்கள விட்டுட்டேன்னு சொன்னியே, அத திரும்பச் சேத்துக்க.”

“ஐயா, அவங்க பயந்துகிட்டு வர்றாங்க.”

“பயந்தா என்ன, வர்றாங்கல்ல? பாட்டுக்குப் பத்துப் பேரு வர்றான். ஒங் கொரலுக்கு மொத்தத் தோட்டமும் வருது. எந்திரிச்சுப் போகாம கேக்குது. வந்தவன்கிட்ட நாம நல்லதத்தானே சொல்றோம்?”

ஓட்டுநர் தன் காப்பியை ஊதியபடி சொன்னார்: “பல்பொடிக்கும் இப்படி ஆள் சேத்திருந்தா இந்நேரம் சிலாங்கூர்ல ஒருத்தனுக்கும் சொத்தப் பல்லு இருந்திருக்காது.”

ஏழாவது, எட்டாவது தோட்டங்களில் “கவனியுங்கள்” என்றே தொடங்கினேன். இதையும் மறைப்பதற்கில்லை. கூட்டம் நிறைந்து நின்றது.

ஒன்பதாவது தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய தோட்டம். வழியில் வேட்பாளர் புதிதாக ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இரண்டே வரி: “குடை வென்றால் ஆறு மாதத்தில் முள்வேலி போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை.”

“இத யாருங்க சொன்னது?”

“யாரும் சொல்லல. நாம சொல்றோம்.”

“வேலிய எடுக்கிறது நம்ம கையிலயா இருக்கு?”

“தம்பி, பல்லு முத்து மாதிரி மின்னும்னு பத்து வருசமா சொல்லி வித்தேன். ஒருத்தனாவது வந்து முத்து எங்கடான்னு கேட்டானா?”

துரை கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காவல்காரர் பார்த்துவிட்டு வேலிக் கதவைத் திறந்துவிட்டார். வேன் அதே களத்தில், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. பாட்டு ஓடி முடிந்தது. நான் அழைத்தேன். வந்தார்கள், கார்டுகளோடு. பெண்கள் வரிசையில் நான்காவதாக அக்கா நின்றாள். பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவளும் வேனின் சன்னலைத்தான் பார்த்தாள்.

முதல் வரியைப் படித்தேன். வேலி போய்விடும் என்றேன். இரண்டாவது வரி என் கண் முன்னால் இருந்தது. வாய் வரவில்லை. ஒலிபெருக்கி சும்மா இரைந்துகொண்டிருந்தது. வேட்பாளர் இறங்கி வந்து, “படி, படி,” என்று என் முழங்கையை இடித்தார்.

அப்போது அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். அப்படி யாரும் வருவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் வேன் வரைக்கும் வந்து, என்னைப் பார்க்காமல் வேட்பாளரிடம் கேட்டாள்:

“ஐயா, வேலி போயிடும்னு சொல்றீங்களே, அது ஒங்களுக்கு நெசமாத் தெரியுமா?”

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க! தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். அவரு கொரலு ஒங்களுக்குத் தெரியாததா?”

“நல்லாத் தெரியும்,” என்றாள்.

மைக் என் கையில், வாய்க்கு நேராக இருந்தது.

“எனக்குத் தெரியாது,” என்றேன். “வேலி எப்பப் போகும்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு தாள்ல இல்ல. நானாச் சேத்துச் சொன்னேன்.”

குரல் லயங்களைத் தாண்டி வேலி வரை போய்த் திரும்பி வந்தது. “பாட்டப் போடு, பாட்டப் போடு!” என்று வேட்பாளர் கத்தினார். ஓட்டுநர் அசையவில்லை. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மைக்க அமத்துடா,” என்றாள். “தோட்டம் பூராக் கேக்குது.”

அமர்த்தினேன். அவள் வரிசையின் பக்கம் திரும்பினாள். “சோதனை இல்ல. ஓட்டுக் கேக்க வந்திருக்காங்க. கார்ட உள்ள வச்சுட்டு அவங்கவங்க வேலயப் பாருங்க.” அவர்கள் உடனே எழவில்லை. உத்தரவுக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மைக்கைக் கீழே வைத்தேன். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

“நீ இங்கேயே நின்னுக்க,” என்று சொல்லிவிட்டு வேட்பாளர் வேனில் ஏறிக்கொண்டார். பத்தாவது தோட்டத்துக்குப் பாட்டோடு போனார்கள். தேர்தலில் அவர் தோற்றார். என்னால் தோற்றார் என்று பிறகு சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் தோட்டங்களில் அப்போது குடியுரிமை கிடைத்து ஓட்டு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் பாயை விரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கார்டை இடுப்பில் செருகியபடி நின்றாள்.

“மாமா அன்னைக்கு வெளிய வர்றப்ப என்ன சொன்னாருன்னு ஒனக்கு யாராச்சும் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. மச்சான்தானே பேசறான்னு...”

“அவரு சொல்லல. பரண்ல ஏறிப் படுத்துக்கிறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் சொன்னேன். எந் தம்பிதான் பேசறான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், போய்ட்டு வாங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

பிறகு உள்ளே போய்ச் சோற்றுப் பானையை இறக்கினாள். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் மில்லில் மூன்று ஆண்டு பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தில் மாமா சொன்னதாக எழுதியிருந்ததை அடித்து, அக்கா சொன்னது என்று திருத்தினேன். திருத்திய தேதியையும் ஓரத்தில் போட்டேன்.